முழுமையாய் நினைவுகூர்வோம்

(இறந்த விசுவாசிகளின் மாதமாகிய நவம்பரில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டங்களில் ஆள் நடமாட்டம் வந்துவிடுகிறது. புல்லைச் செதுக்குகிறோம், கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், மாலை போட்டு மெழுகுதிரி ஏற்றுகிறோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் 2ஆம் தேதிக்கு எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறார்கள். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வரும்போது, "சாமி, இது எங்க அப்பா", "சாமி, இது எங்க பெரியவன்" என்று கல்லறையைக் காட்டுவார்கள். இது அப்பாவின் கல்லறை என்று யாரும் சொல்வதில்லை. "இது எங்க அப்பா" என்றுதான் சொல்வார்கள். நம் மக்களுடைய விசுவாசம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பங்கு அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். கணவருடைய முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குப் பெயர் எழுத வந்தவர். நானே ஏட்டை எடுத்து எழுதினேன். எழுதி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "சாமி, கண்ணை மூடுனா அவுக கடைசியாக் கெடந்த கோலந்தான் தெரியுது. முடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமா. 26 வருசம் கூட வாழ்ந்திருக்கேன். அந்த 26 வருசத்து மொகம் எனக்கு வரமாட்டேங்குது. இது பாவமா சாமி?"

அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை நானும் பல ஆண்டுகள் சுமந்திருக்கிறேன். அவரிடம் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் என் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என்னைவிட ஆறு வயது மூத்தவள் என் அக்கா. வானம் பார்த்த பூமியான சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். அம்மா களையெடுக்கப் போய்விடுவார். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. நின்றதால்தான் என் படிப்பு நடந்தது. இளங்குருமடத்தில் சேரப் போன அன்று, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பேருந்து நிற்கும் இடம்வரை நடந்து வந்தாள். பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் ஒரு டப்பா நிறையப் பொரிவிளங்காய் உருண்டை. அந்த உருண்டையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பல்லால் கடித்தால் பல்தான் போகும். அக்கா அதை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் ஒரே தட்டுத் தட்டுவாள். இரண்டாகப் பிளக்கும். பெரிய துண்டை எனக்குத் தருவாள். பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் இதே வழக்கம். "எப்ப வந்தீங்க?" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீரும் பெரிய துண்டும் வந்துவிடும்.

நான் குருவானபின் ஊர் மக்கள் முன்னால் என்னை "வாங்க சாமி" என்றுதான் அழைப்பாள். அடுப்படிக்குள் போனால், "டேய் தம்பி, ஏண்டா இப்படி எளைச்சுப் போயிட்ட?" என்பாள். கோவிலில் பாடகர் குழுவைவிட உரக்கப் பாடுவாள். சுருதி சேராது. ஒருவருக்கும் சொல்லத் துணிவு வந்ததில்லை.

11 ஆண்டுகளுக்கு முன் அக்கா இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 49. மார்பகப் புற்றுநோய்.

இந்த இரண்டு சொற்களையும் இன்று வானொலியில் சொல்கிறேன். அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது ஒரு சிறு கட்டி. வலி இல்லை. வலி இல்லாததால் பயமும் இல்லை. பயம் வந்தபோது கூச்சம் வந்துவிட்டது. இதைப் போய் யாரிடம் சொல்வது? எட்டு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. இடையில் ஊர்த் திருவிழாவுக்கு நான் போயிருந்தேன். "கை கொஞ்சம் வீங்குனாப்புல இருக்குடா" என்றாள். "நல்ல டாக்டரைப் பாரு" என்று சொல்லிவிட்டு, தேர் மந்திரிக்க நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டேன். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நோய் பரவியிருந்தது.

அதன்பின் நாங்கள் செய்ததைக் கேளுங்கள். அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அக்காவிடம் "கட்டி" என்றோம். ஊரில் "நெஞ்சு நோவு" என்றோம். மருந்தினால் முடி கொட்டியதும், டைபாய்டு என்று சொல்லிக்கொண்டோம். உறவினர் ஒருவர் சொன்னார் என்று அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதில்லை, கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டுவதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தட்டைத் தூக்கி எறியச் சொல்லாமல் இருந்தேன். ஊருக்கெல்லாம் பெரிய துண்டு கொடுத்தவளுக்கு, அவள் வீட்டிலேயே தனித் தட்டு.

ஏன் இப்படிச் செய்தோம்? அவளுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டு கழித்துப் பிறந்த ஒரே மகள். அன்று அவளுக்கு வயது 17, விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு அந்த வியாதி என்று தெரிந்தால் நாளைக்குப் பொண்ணு கேட்டு யார் வருவார்கள்?" என்றார்கள் பெரியவர்கள். அந்தப் பேச்சுக்கு முன்னால், இறையியல் படித்த நானும் வாய் மூடிக்கொண்டேன்.

ஓர் இரவு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, "தம்பி, எல்லா வீட்டுக்கும் போய் நோயில்பூசுதல் கொடுக்கிற. எனக்கு எப்பக் கொடுப்ப?" என்றாள். நான் ஏதோ மழுப்பினேன். "எனக்கு எல்லாம் தெரியும்டா. நீங்க பயப்படுறீங்கன்னுதான் நானும் சொல்லல" என்றாள். நாங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவளோ, சாகும் நேரத்திலும் எங்களுடைய பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை பூசுதல் கொடுத்தேன். அதற்கு மூன்றாம் வாரம் போய்விட்டாள்.

அடக்கத் திருப்பலியில் நான்தான் மறையுரை. "சிறிது கால உடல்நலக் குறைவால்" என்று சொன்னேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் அதுவே.

அன்பார்ந்தவர்களே, புற்றுநோய் நுழைந்த வீடுகளில் பிறகு ஒரு வாக்கியம் வாழ்கிறது. "முன்னமே பார்த்திருந்தால்." "அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்." "அன்றைக்கே நான் கூட்டிப் போயிருந்தால்." யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மார்த்தா ஆண்டவரிடம் வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் தம்பி இறந்திருக்கமாட்டான் என்கிறார். சற்று நேரம் கழித்து மரியாவும் தனியாக வந்து அதே சொற்களைச் சொல்கிறார். அந்த நாலு நாளும் அந்த வீட்டில் அதைத்தான் பேசியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாவிடம் உயிர்ப்பைப் பற்றிப் பேசினார். மரியாவோடு அழுதார். ஒருவருக்கு விளக்கம், ஒருவருக்குக் கண்ணீர். உங்கள் வீட்டிலும் அந்த வாக்கியம் இருந்தால், அதை அவரிடமே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்டுப் பழகியவர்.

எங்கள் வீட்டில் புனித பெரெகிரினுக்கு நவநாள் செய்தோம். புற்றுநோயாளர்களின் பாதுகாவலர் அவர். காலில் வந்த ஆறாத புண்ணுக்காகக் காலையே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நிலையில், சிலுவையின் முன் இரவெல்லாம் மன்றாடிக் குணம் பெற்றவர் என்று திருஅவையின் மரபு சொல்கிறது. அவர் குணமானார், அக்கா குணமாகவில்லை. "எங்கள் செபத்தில் என்ன குறை?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. குறை எதுவும் இல்லை. செய்த பாவத்துக்குத் தண்டனையும் இல்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று ஆண்டவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். குணமான பெரெகிரினும் 1345இல் இறந்தார். உயிர்பெற்று எழுந்த இலாசரும் பின்னொரு நாள் இறந்திருப்பார். குணமானவர்களுக்கும் குணமாகாதவர்களுக்கும் கடைசி நம்பிக்கை ஒன்றே. அது உயிர்த்த ஆண்டவர்.

அந்த உயிர்த்த ஆண்டவர்தான் இறந்தவர்களை எப்படி நினைப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். லூக்கா 24ஆம் அதிகாரம். எருசலேமிலிருந்து எம்மாவுக்கு 11 கிலோ மீட்டர் தூரம். இரண்டு சீடர்கள் நடந்து போகிறார்கள். வழியெல்லாம் எதைப் பேசுகிறார்கள்? கடைசி மூன்று நாள்களில் நடந்ததை. கைது, தீர்ப்பு, சிலுவை, கல்லறை. அவரோடு நடந்த நாள்கள், கேட்ட உவமைகள், உண்ட விருந்துகள் எல்லாவற்றையும் அந்த மூன்று நாள்கள் மூடிவிட்டன. அந்தத் தாய் சொன்னாரே, 26 வருசத்து முகம் வரவில்லை என்று. அதேதான் இது. அதனால்தான் கூடவே நடந்து வந்தவரை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை.

ஆண்டவர் என்ன செய்தார்? சாவைப் பற்றிப் பேசாதீர்கள் என்று வாயை அடைக்கவில்லை. மோசேயிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் எடுத்துச் சொன்னார். சாவுக்கு அந்தக் கதையில் ஓர் இடம் உண்டு, ஆனால் சாவே கதை ஆகாது என்று காட்டினார். பிறகு பந்தியில் அமர்ந்து அப்பத்தை எடுத்துப் பிட்டார். உடனே அவர்கள் கண்கள் திறந்தன. அவர் வழக்கமாகச் செய்கிற காரியம் அது. கை அசைந்த விதத்திலேயே ஆள் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே அதிகாரத்தில், அதே இரவில், மற்றச் சீடர்களுக்குத் தோன்றியபோது தம் கைகளையும் கால்களையும் காட்டுகிறார். மகிமை பெற்ற உடலில் காயங்கள் இருக்கின்றன. கடவுள் நினைத்திருந்தால் அவற்றைத் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. ஆண்டவர் காயத்தை மறைக்கவும் இல்லை, காயத்தோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. காயத்தையும் காட்டினார், அப்பத்தையும் பிட்டார்.

நாங்கள் எங்கள் அக்காவுக்கு இரண்டு தவறுகளைச் செய்தோம். வெளியே நோயை மறைத்தோம். உள்ளே அந்த நோயைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. அவள் பெயரை எடுத்தாலே எல்லாரும் அழுதார்கள். அதனால் பெயரை எடுப்பதையே விட்டுவிட்டோம். இப்படி ஆறு ஆண்டுகள் போயின.

ஒரு நாள் தொலைபேசி வந்தது. அக்காவின் மகள். அவளுக்கு அப்போது 23 வயது, சென்னையில் வேலை. "மாமா, எங்க ஆபீஸ்ல மெடிக்கல் கேம்ப். ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. குடும்பத்துல அம்மா, பாட்டி, சித்தி யாருக்காவது கேன்சர் இருந்துச்சான்னு கேக்குறாங்க. இல்லைன்னு எழுதிரவா?"

என் கை நடுங்கியது. அந்தப் பிள்ளையின் நன்மைக்கென்று சொல்லிய பொய், இப்போது அவள் உயிரையே தொடும் இடத்துக்கு வந்து நின்றது. நான் சொன்னேன்: "ஆமான்னு எழுதுத்தா. உங்க அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 48 வயசுல கண்டுபிடிச்சாங்க." அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்: "எல்லாருக்கும் தெரியுமா மாமா? எனக்கு மட்டுந்தான் தெரியாதா?" நான் ஆமென்றேன். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு மாதத்தில், எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவரைப் பார்க்க அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த மருத்துவமனை பிறந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாயிருந்த காலத்தில் 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்தவர். அவருடைய தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அக்கா மருத்துவர், ஆனாலும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரத்தை அவர் மூடி வைக்கவில்லை. இந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறில் அது தொடங்கியது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. தங்கையை நினைத்துக்கொண்டே ஒருவர் 31 ஆண்டுகள் உழைக்க முடியும் என்பதை எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் கண்மூடும்வரை அந்த மருத்துவமனையையே தம் வீடாகக் கொண்டார். காசில்லாதவர்களுக்கும் அங்கே கதவு திறந்தது. முத்துலட்சுமி ரெட்டி நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் "என் நினைவாகச் செய்யுங்கள்" என்று ஆண்டவர் தம் கடைசி இரவில் கேட்டுக்கொண்டாரே, அந்தச் சொல்லுக்கு அந்த அம்மையாரின் வாழ்க்கை நல்லதொரு விளக்கம். ஆண்டவர் நம்மைச் செய்யச் சொன்னார். நினைவு என்பது செய்கிற காரியம்.

அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவர் தங்கையின் நோயைச் சொன்னார், எத்தனையோ பேர் பிழைக்க வழி பிறந்தது. நான் அக்காவின் நோயை மறைத்தேன், அவள் மகளுக்கே ஆபத்தாக முடியப் பார்த்தது.

இரண்டு மாதம் கழித்து என் மருமகள் நேரில் வந்தாள். பரிசோதனை செய்துகொண்டாளாம், பயப்பட ஒன்றுமில்லை என்று வந்ததாம். பிறகு சொன்னாள்: "மாமா, எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறப்ப இதைச் சொல்லிருங்க. தெரிஞ்சு கட்டிக்கிறவுக கட்டிக்கட்டும்." தாய்மாமன் என்ற முறையில் நானே சொன்னேன். ஒரு சம்பந்தம் தள்ளிப்போனது. அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்து வந்த வீட்டில், மாப்பிள்ளையின் தாயார் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க அம்மாவும் அதுலதான் சாமி போனாங்க. நாங்களும் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றார். அந்த வீட்டில்தான் அவள் வாழ்கிறாள். திருமணத் திருப்பலியில், விசுவாசிகளின் மன்றாட்டில், மணமகளின் தாய் புற்றுநோயால் இறைவனடி சேர்ந்தவர் என்று சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

சென்ற ஆண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "எப்ப வந்தீங்க?" என்று கேட்பதற்கு முன் தண்ணீர் வந்தது. அடுப்படியிலிருந்து டொக்கென்று ஒரு சத்தம். பொரிவிளங்காய் உருண்டையைக் கொண்டு வந்தாள். பெரிய துண்டு எனக்கு. 10 ஆண்டுகளாகப் படுக்கையில் கிடந்த முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அன்று என் அக்காவின் முகம் திரும்பக் கிடைத்தது.

அன்பார்ந்தவர்களே, புற்றுநோயில் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கு இந்த நவம்பர் மாதத்தில் நான்கு காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, செபியுங்கள். இறந்தவர்களுக்காக மன்றாடுவது மக்கபேயர் காலம் தொட்டு வருகிற வழக்கம். முதல் உலகப் போரில் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தபோது, 1915இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், நவம்பர் 2ஆம் நாள் குருக்கள் எல்லாரும் மூன்று திருப்பலிகள் நிறைவேற்ற அனுமதி தந்தார். இறந்தவர்களுக்கு நாம் இன்னும் உதவ முடியும் என்பது எத்தனை பெரிய ஆறுதல்! அன்று செய்யத் தவறியதை இன்று செபமாகச் செய்யலாம். ஆண்டு நினைவுக்குத் திருப்பலி எழுதிவிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். குடும்பமாக வந்து நற்கருணை உட்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நோயின் பெயரைச் சொல்லுங்கள். அது பாவத்தின் பெயர் அல்ல. உங்கள் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. ஆகவே அவர்கள் பயந்துகொண்டு வாழத் தேவையில்லை. ஆனால் தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். சொல்வதற்கு முதலில் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மூன்றாவது, அவர்கள் பெயரால் ஏதாவது செய்யுங்கள். யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, பேதுருவிடம் கைம்பெண்கள் அவர் தைத்துக் கொடுத்த துணிகளைக் கையில் எடுத்துக் காட்டினார்கள். உங்கள் வீட்டில் இறந்தவர் கையால் எதைக் கொடுத்துப் பழகினாரோ, அதைக் கொடுங்கள். ஆண்டு நினைவு நாளில் சாப்பாடு போடுகிற செலவில் ஒரு பங்கை, சிகிச்சைக்காக மதுரைக்கும் சென்னைக்கும் பேருந்தில் போய்வருகிற ஓர் ஏழையின் பயணச் செலவுக்குக் கொடுங்கள். உங்கள் அன்பியத்தில் யாராவது இந்த நோயோடு படுத்திருந்தால் போய்ப் பாருங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம். அவர்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், போதும். சகோதரிகளே, உடம்பில் ஒரு கட்டி தென்பட்டால் வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். பல கட்டிகள் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாகவே இருந்தாலும், தொடக்கத்திலேயே பார்த்தால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. கூச்சத்தால் என் அக்கா எட்டு மாதம் காத்திருந்தாள். உங்களில் ஒருவர் அவளை நினைத்து எட்டு நாளுக்குள் மருத்துவரிடம் போனால், இந்த நவம்பரில் அவளுக்கு அதைவிட நல்ல மெழுகுதிரி வேறில்லை.

நான்காவது, முழு வாழ்க்கையையும் நினைவுகூருங்கள். அந்தத் தாய்க்கு நான் சொன்னதும் இதுதான். "இது பாவமில்லம்மா. அன்பு அதிகமா இருந்ததால, கடைசி நாள்ல பட்ட வேதனை உங்க கண்ணுலயே நின்னுருச்சு" என்றேன். பிறகு கேட்டேன்: "உங்க வீட்டுக்காரர் சம்பள நாளன்னிக்கு வீட்டுக்கு வர்றப்ப என்ன வாங்கிட்டு வருவார்?" அவர் யோசித்தார். "அல்வாதான் சாமி. எனக்கு அல்வா பிடிக்காது. அது தெரிஞ்சே வாங்கிட்டு வந்து, என் பங்கையும் அவுகளே தின்பாக" என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "இப்ப எந்த முகம் தெரியுது?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டே தலையாட்டினார். ஆண்டு நினைவு நாளில் திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் எல்லாருக்கும் அல்வா கொடுத்தார்.

கல்லறைக்குப் போகும்போது இப்படி ஒரு கதையையும் கொண்டு போங்கள். மெழுகுதிரி எரிந்து முடியும்வரை பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். நோயைப் பற்றிக் கேட்டால் அதையும் சொல்லுங்கள்.

செபிப்போமாக. வாழ்வின் ஆண்டவரே, காயங்களோடு உயிர்த்தவரே, புற்றுநோயினால் எங்களை விட்டுப் பிரிந்த எல்லாரையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். அவர்கள் பட்ட வேதனை உமக்குத் தெரியும். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையும் உமக்குத் தெரியும். நாங்கள் சொல்லாமல் விட்டதையும் செய்யாமல் விட்டதையும் மன்னியும். இன்று இந்த நோயோடு போராடுகிறவர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் கண்விழித்திருக்கிறவர்களுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் துணையாயிரும். எங்களுக்கு முன் சென்றவர்களை உம் பந்தியில் மீண்டும் காணும்வரை, அவர்களை உண்மையோடும் நன்றியோடும் நினைவுகூர எங்களுக்குக் கற்றுத் தாரும்.

இறந்த விசுவாசிகளின் ஆன்மாக்கள் இறைவனின் இரக்கத்தால் அமைதியில் இளைப்பாறட்டும். ஆமென்.